நூலகத் தெருவில் மூன்று மென்பொருள்கள்

சென்ற நவம்பரில் ஒமுர்பெக்கின் ஆட்கள் தப்பான மரத்தை வெட்டிவிட்டார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் அலுவலகம் கொடுத்த காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: நூலகத் தெரு, பதினான்காம் எண் வீட்டுக்கு எதிரே, கரகாச், பட்டுப்போனது, வெட்டவும். அந்த வீட்டுக்கு எதிரே வாய்க்காலோரமாக இரண்டு கரகாச், அதாவது எல்ம் மரங்கள் நின்றன. இலை கொட்டிய பிறகு உயிருள்ளதும் பட்டதும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆட்கள் பெரியதாகப் பார்த்து அறுத்துத் தள்ளினார்கள். அது ஈரம் சொட்டச் சொட்ட விழுந்தது. அதன் நிழலில் பதினைந்து வருஷமாக டோமினோ ஆடிவந்த ஓய்வூதியக்காரர்கள், மேயர் பார்க்கட்டும் என்று மறுநாள் அடிக்கட்டையின் மேலேயே பலகையைப் போட்டு ஆடினார்கள்.

மேயர் பார்த்தார். இரண்டு பேரைக் கூப்பிட்டுத் திட்டினார். ஒருவர் எங்கள் மரத்துறைத் தலைவி புருல்ச்சா. இன்னொருவர், எங்கள் கிர்கிஸ் ஊரான கரா-தெரெக்கில் மரம் வெட்டுவது, கிளை கழிப்பது, வேர் தோண்டுவது எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் ஒமுர்பெக். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. மேயர் அறையை விட்டு வெளியே வரும்போது புருல்ச்சா, கண் இருக்கிறவன் எவனும் பச்சை மரத்தை வெட்ட மாட்டான் என்றாள். எழுதத் தெரிந்தவள் எவளும் அப்படி ஒரு காகிதத்தை எழுத மாட்டாள் என்றான் ஒமுர்பெக். அதோடு பேச்சு நின்றது.

ஐந்து மாதம் நின்றது. நான் மரத்துறையின் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். அந்த ஐந்து மாதமும் லாரியில் தண்ணீரை விட அவர்களுடைய செய்திகளைத்தான் அதிகம் சுமந்தேன். கிரேன் என்றைக்குக் காலியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றால் நான் போக வேண்டும். நாளைக்கு மறுநாள் என்று அவன் சொன்னதை நான்தான் திரும்ப வந்து சொல்ல வேண்டும்.

மார்ச்சில் ஒரு வெளிநாட்டு நிதியத்திலிருந்து கடிதம் வந்தது. நகரத்தின் மரங்களை எல்லாம் எண்ணிப் பதிவு செய்ய ஒரு மென்பொருள் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று வருஷத்துக்குச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. நகராட்சியும் மரவேலை ஒப்பந்தக்காரரும் ஒரே மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

புருல்ச்சா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் லாரிச் சாவியை எடுத்தேன்.

மூன்று நிறுவனங்கள் வருவதாகத் தெரிவித்தன. தாஷ்கண்டிலிருந்து ஒலிம்ஜான், பிஷ்கெக்கிலிருந்து லாரிசா பாக், அல்மாட்டியிலிருந்து அல்தியார் என்று மூன்று விற்பனைக்காரர்கள். அவர்கள் அனுப்பிய விளக்கத் தாள்களைப் பார்த்ததுமே எங்கள் ஊரில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். புருல்ச்சாவுக்கு ஒலிம்ஜானுடையது பிடித்துவிட்டது. ஒரு மரத்துக்கு அறுபத்திரண்டு விவரம் எழுதலாமாம். ஒன்பது வருஷமாகக் கையால் கோடு போட்டு அவள் எழுதிவரும் பேரேட்டில் இருபத்தெட்டுக் கட்டம்தான். மேயருக்கு அல்தியாருடையது. அது ட்ரோன் பறக்கவிட்டு மேலிருந்தே மரங்களை எண்ணும். படம் பிரமாதமாக இருந்தது. ஒமுர்பெக்குக்கு எதுவுமே பிடிக்கவில்லை. மரத்து மேல சுண்ணாம்புல நம்பர் எழுதினா போதும்னு சொல்லு என்று என்னிடம் சொல்லி அனுப்பினான். அதை நான் கொஞ்சம் மரியாதையாக மாற்றிச் சொன்னேன்.

மண்டபத்தில் திரை கட்டி மூவரையும் பேச விடலாம் என்றார் மேயர். புருல்ச்சா ஒப்புக்கொள்ளவில்லை. திரையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், தெருவுக்கு வரட்டும் என்றாள். அவள் போட்ட விதி எளிதானது. நூலகத் தெருவை மூவரும் ஒரே காலையில் பதிவு செய்ய வேண்டும். ஆனால் விற்பனைக்காரர்கள் போனைத் தொடக் கூடாது. பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு கையைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். வேலையைச் செய்யப்போவது சைராகுல் எஜே.

எஜே என்றால் எங்களுக்கு அக்கா. ஐம்பத்திரண்டு வயது சைராகுலை மேயர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆறு பெண்களை வைத்துக்கொண்டு ஊர் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கிணறு வெட்டுவது போலக் குழி வெட்டிக் கன்று நடுவது, வாய்க்கால் தூர் எடுப்பது எல்லாம் அவர்தான். அவருடைய போனில் பேசுவதையும் பேத்தியின் படங்களையும் தவிர எதுவும் இல்லை. தன்னைத் தேர்ந்தெடுத்ததைக் கேட்டதும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு, கையுறையைக் கழற்றச் சொன்னால் வர மாட்டேன் என்று தன் பங்குக்கு ஒரு விதி போட்டார். ஏப்ரல் காலையில் எங்கள் ஊர்க் குளிரில் அது நியாயமான விதிதான்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு எல்லோரும் நூலகத் தெருவில் கூடினோம். ஒமுர்பெக்கும் கிரேன் லாரியோடு வந்து, எங்களிடமிருந்து இருபது அடி தள்ளி நின்றான்.

முதலில் ஒலிம்ஜான். நல்ல மனிதர், கோட்டும் சூட்டுமாக வந்திருந்தார். எஜே முதல் பாப்லர் மரத்தின் முன்னால் நின்று போனில் வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கினார். அடிமரச் சுற்றளவு, தலைவிரிப்பின் அகலம் கிழக்கு மேற்காக, அப்புறம் வடக்கு தெற்காக, பட்டையின் நிறம், மண்ணின் வகை, பக்கத்துக் கட்டடத்தின் உயரம். பாதியை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போக முடியாது. சிவப்பு நட்சத்திரம் போட்ட கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால் நகராது. பதினோரு நிமிஷம் கழிந்தது. முப்பத்தொன்பதாவது கேள்வியில் எஜே தலையைத் தூக்கினார்.

“ஏம்ப்பா, மரத்தைக் கணக்கெடுக்கிறோமா, இல்ல அதுக்குப் பொண்ணு பாக்கிறோமா? இதோட தாய்மாமன் யாருன்னு மட்டும்தான் இன்னும் கேக்கல.”

ஒலிம்ஜானே சிரித்துவிட்டார். ஆனால் ‘சேமி’ பொத்தானை அழுத்தியதும் போன் சுற்றிச் சுற்றி நின்றது. நூலகத் தெருவில் பழைய மாவுமில்லின் மறைப்பில் சிக்னல் வராது. பதினோரு நிமிஷ வேலையும் காணாமல் போனது. புருல்ச்சா தன் பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. தான் இரண்டு வாரமாகப் புகழ்ந்த ஒன்று கண்முன்னே படுத்துவிட்டால் யாருக்கும் முகம் மாறத்தான் செய்யும்.

அடுத்தது லாரிசா பாக்குடையது. லாரிசா ஒல்லியான பெண்மணி, நாற்பதைத் தாண்டியவர், தடித்த மழைக்காலணி போட்டு வந்திருந்தார். அந்தக் காலணியைப் பார்த்தபோதே எஜேவுக்கு அவர் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. மென்பொருள் பார்க்க ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத் திரை, விரலுக்குப் பெரிதாக நான்கு பொத்தான்: படம், இனம், நிலைமை, வேலை. கிர்கிஸ் மொழியில் இருந்தது, ஆனால் ‘வேர்’ என்ற சொல்லைத் தப்பாக எழுதியிருந்தார்கள். எஜே அதைச் சுட்டிக்காட்டினார். லாரிசா வெட்கப்பட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். இனப் பட்டியலில் கரகாச் இல்லை. அதை எஜேவே கையுறை விரலால் தட்டிச் சேர்த்தார். சிக்னல் இல்லாவிட்டாலும் பதிவு போனுக்குள்ளேயே தங்கிவிடும், சிக்னல் வந்ததும் போய்ச் சேரும் என்றார் லாரிசா. பதினோரு நிமிஷத்தில் ஒன்பது மரம் முடிந்தது. பத்தாவது மரத்தை முடிக்கும்போது, சொல்லிக்கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கும் பழக்கமே எஜேவிடம் போய்விட்டது.

“இதுல பேச்சையும் பதிய முடியுமா?” என்று கேட்டார்.

முடியும் என்றார் லாரிசா. எஜே ஒரு வளைந்த ஆப்ரிகாட் மரத்தின் முன் நின்று, பார்க்கத்தான் நோஞ்சான், காய்ப்பில் தெருவிலேயே இதுதான் முதல், கையை வைத்தால் எதிர்வீட்டு நரின் உங்களைச் சும்மா விட மாட்டாள் என்று போனிடம் சொன்னார். புருல்ச்சா போனை வாங்கி அந்தப் பேச்சைத் திரும்பக் கேட்டாள். அவள் பேரேட்டில் அந்த மரத்துக்கு எதிரே ‘வளைவு, நீக்கலாம்’ என்று எழுதியிருந்தது. பேனாவை எடுத்து அதை அடித்தாள்.

பத்தரை மணிக்கு மேயர் வந்தார், ட்ரோன் பார்க்க. அல்தியார் இருபத்தைந்து வயது இளைஞன், கலகலப்பானவன். தெருவுக்கு வந்த அரை மணியில் சமோசா மாதிரி இருக்கும் எங்கள் சம்சாவில் நான்கைத் தின்று, கடைக்காரியின் மகனுக்கு அல்மாட்டியில் என்ன படிப்பு நல்லது என்று ஆலோசனையும் சொல்லி முடித்திருந்தான். ட்ரோன் கிளம்பியது. ஆறு நிமிஷத்தில் திரையில் தெரு முழுவதும் மேலிருந்து தெரிந்தது. ஒவ்வொரு மரத்தின் மேலும் ஒரு பச்சை வட்டம். இருநூற்றுப் பதினான்கு என்று காட்டியது. மேயர் கை தட்டினார்.

“நூத்தி எண்பத்தேழு,” என்றார் எஜே. வசந்தத்தில் ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு அடித்தவர் அவர்.

பார்த்தோம். நான்கு வீட்டுத் திராட்சைப் பந்தல், ஒரு வைக்கோல் போர், பச்சைத் தார்ப்பாய் மூடிய ஒரு வேன், எல்லாவற்றின் மேலும் வட்டம். பாப்லர்களுக்கு அடியில் நிற்கும் இளங்கன்றுகள் மேல் ஒன்றும் இல்லை. வேனுக்கு என்ன வயதென்று போட்டிருக்கிறது என்று கேட்டார் எஜே. அல்தியார் தலையைச் சொறிந்துகொண்டு, இன்னும் தாழப் பறக்கவிட்டால் சரியாக எண்ணும் என்று இறக்கினான்.

நூலக வாசலில் பேருந்து நிறுத்தத்தின் மேல் கவிந்து நிற்கும் பெரிய கரகாச்சில் ஏப்ரல் மாதம் காக்கைக் கூடுகள் நிறைந்திருக்கும். தாழ இறங்கிய ட்ரோனைப் பார்த்ததும் முப்பது நாற்பது காக்கைகள் ஒன்றாகக் கிளம்பின. ட்ரோன் இடது பக்கம் ஒதுங்கியது, வலது பக்கம் ஒதுங்கியது, கடைசியில் மர உச்சிக்கிளையில் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. இறக்கை மட்டும் கொஞ்ச நேரம் சுற்றியது. அல்தியார் முகத்தில் ரத்தம் இல்லை. ட்ரோன் அவனுடையது இல்லை, முதலாளியுடையது.

எல்லோரும் இருபது அடி தள்ளி நின்ற ஒமுர்பெக்கைப் பார்த்தோம். அவன் கிரேன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, கூடைக்குள் ஏறினான். போகும்போது எஜே தன் கையில் இருந்த, லாரிசாவின் மென்பொருள் உள்ள போனை அவனிடம் நீட்டினார். மேலே போகிறாய், சும்மா போகாதே, அந்த மரத்தையும் எழுதிவிட்டு வா என்றார்.

ட்ரோனை எடுத்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டான். ஆனால் கீழே இறங்கவில்லை. பேருந்து நிறுத்தத்தின் மேல் நீண்டிருந்த தடித்த கிளையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்ஜினை நிறுத்தச் சொன்னான்.

“புருல்ச்சா,” என்றான். “மேல வா. இதை நீ பாக்கணும்.”

ஐந்து மாதத்தில் அவன் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல். அவளுக்கு உயரம் ஆகாது என்று ஊருக்கே தெரியும். அலுவலகப் பரணில் இருந்து கோப்பு எடுக்கக்கூட என்னைத்தான் ஏற்றுவாள். கூடை கீழே வந்தது. பேரேட்டை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறி நின்றாள்.

இருவருக்குமே மெதுவாகப் பேச வராது. மேலே போனதும் என்ஜினை மறுபடி நிறுத்தியதால் கீழே எங்களுக்கு எல்லாம் கேட்டது.

“கீழ பாக்காத,” என்றான் ஒமுர்பெக்.

“கீழ பாக்கல. உன் மூஞ்சிதான் தெரியுது. அது அதை விட மோசம்.”

“இங்க பாரு. கிளைக்கு மேல்பக்கம்.”

அங்கே பார்த்ததை அவள் பிறகு எங்களுக்குச் சொன்னாள். கிளை தண்டோடு சேரும் இடத்தில், மேல்புறத்தில், ஒரு நீண்ட பிளவு இருந்தது. ஒமுர்பெக் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டுக் காட்டினான். எடுத்தபோது கறுப்புத் தண்ணீர் வழிந்தது. கீழிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. மேலிருந்து பறந்த ட்ரோனுக்குக் கூடுகள் மறைத்துவிட்டன. கிளையின் கீழே பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சு. ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டு அங்கேதான் பிள்ளைகள் கூட்டமாக நிற்பார்கள்.

“எத்தனை நாள் தாங்கும்?” என்றாள் புருல்ச்சா.

“நாள் சொல்ல மாட்டேன். இன்னைக்கே இறக்கணும்.”

எங்கள் வழக்கப்படி அதற்கு மூன்று கையெழுத்துள்ள காகிதம் வேண்டும். சாதாரணமாக ஒன்பது நாள் ஆகும். அவள் போனைக் கேட்டாள். ஒமுர்பெக் கையுறையோடு பிளவைப் படம் எடுத்தான், ‘உடனே’ என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினான், அவளிடம் நீட்டினான். அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“புள்ளி இந்த மரத்து மேலதான் இருக்கா? பக்கத்துல இன்னொண்ணு நிக்குதே.”

“இதுதான். படமும் இருக்கு. இந்தத் தடவை தப்பாது.”

“போன தடவை நான் ரெண்டு மரம் இருக்குன்னு எழுதியிருக்கணும்,” என்றாள் அவள். மெதுவாகச் சொன்னதாக நினைத்திருப்பாள். தெருவில் பாதிப் பேர் கேட்டோம்.

“நானும் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும்,” என்றான் ஒமுர்பெக். “கேட்டா நீ கத்துவேன்னு கேக்கல.”

“கத்தியிருப்பேன். மரம் பொழச்சிருக்கும்.”

விரலாலேயே திரையில் கையெழுத்துப் போட்டாள். அப்புறம்தான் தெரியாமல் கீழே பார்த்துவிட்டு அவன் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூடை தரைக்கு வரும் வரை விடவில்லை.

காகிதம் அப்புறம் வரட்டும் என்றுவிட்டு, பேருந்தை ரொட்டிக்கடை வாசலில் நிறுத்தச் சொல்லி மேயரே நின்று ஓட்டுநர்களுக்குக் கை காட்டினார். அன்றைக்கு அவர் செய்த உருப்படியான வேலை அது. நான் தெருவை மறித்து லாரியை நிறுத்தினேன். கூடுகள் எல்லாம் தண்டுக்கு மேல்பக்கம் இருந்தன. அவற்றைத் தொடாமல், கயிறு கட்டி, கிளையை மூன்று துண்டாக இறக்கினார்கள். கடைசித் துண்டு தரையைத் தொட்டபோது மணி ஒன்று பத்து. உள்ளே பாதிக்கு மேல் மக்கியிருந்தது; அல்தியார் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தான், தூள் தூளாக உதிர்ந்தது. ஒன்றரைக்குப் பிள்ளைகள் வந்து, தங்கள் பெஞ்சைக் கயிறு கட்டி மறித்ததற்காக எங்களைத் திட்டினார்கள்.

மறுநாள் காலை கூட்டம். இத்தனைக்குப் பிறகும் மேயர் ட்ரோனை விடவில்லை. மாவட்டத்தில் வேறு எந்த ஊரிலும் இல்லை, பறக்கும்போது எவ்வளவு அழகாக இருந்தது என்றார். அதற்குப் பதில் சொன்னது அல்தியார்தான். பெரிய காடுகளுக்கு எங்களுடையது நல்லது, உங்கள் ஊருக்கு அது வேண்டாம் என்றான். விற்க வந்தவனே அப்படிச் சொன்னதும் மேயர் ட்ரோனின் விளக்கத் தாளை மடித்து வைத்தார். ட்ரோனை உடையாமல் இறக்கிக் கொடுத்தவர்களுக்கு நான் வேறு என்ன செய்ய என்றான். அதோடு நிறுத்தவும் இல்லை. லாரிசாவின் பக்கம் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்துவிட்டு, புருல்ச்சாவிடம் சொன்னான்:

“அக்கா, யாரோடதை வாங்கினாலும் ஒண்ணு கேட்டுருங்க. நாளைக்கு அவங்களை விட்டு விலகினா, பதிஞ்சு வெச்ச மரமெல்லாம் உங்க கூட வருமா, இல்ல அவங்க கிட்டயே நின்னுடுமா?”

புருல்ச்சா கேட்டாள். லாரிசாவின் முகம் சிவந்தது. ஒப்பந்தத்தைப் புரட்டினார். பதிவுகள் நிறுவனத்தின் கணினியில் இருக்கும், விலகினால் மொத்தமாகத் தருவது பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

“மரம் எங்களோடது,” என்றாள் புருல்ச்சா. “அது மேல எஜே பேசின பேச்சும் எங்களோடதுதான்.”

“அதை எழுதிக் குடுத்தா கையெழுத்து. இல்லேன்னா நான் சுண்ணாம்பு நம்பருக்கே போயிடறேன்,” என்றான் ஒமுர்பெக், அவள் பக்கத்து நாற்காலியில் இருந்து.

லாரிசா நடைவழிக்குப் போய்ப் போனில் முதலாளியிடம் பேசினார். நாற்பது நிமிஷம் பேசினார். முதலில் கெஞ்சுவது போலக் கேட்டது, பிறகு விளக்குவது போல, கடைசியில் இந்த ஊர்க்காரர்கள் கேட்பதில் என்ன தப்பு என்று அவரே சண்டை போடுவது போல. திரும்பி வந்தபோது கையால் எழுதிய ஒரு பத்தி இருந்தது. எப்போது கேட்டாலும் எல்லாப் பதிவுகளும், படங்களும், குரல்களும், எந்தக் கணினியிலும் திறக்கும்படி நகரத்துக்குத் தரப்படும் என்று. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேயரும் போட்டார். ஒலிம்ஜான் எல்லோருக்கும் தாஷ்கண்டிலிருந்து கொண்டுவந்திருந்த உலர்ந்த முலாம்பழத்தைக் கொடுத்தார்; திரும்ப எடுத்துக்கொண்டு போகக் கனமாக இருக்கிறது என்றார்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. புருல்ச்சா தன் இருபத்தெட்டுக் கட்டங்களில் நான்கையாவது சேர்த்தே ஆக வேண்டும் என்று லாரிசாவிடம் மூன்று வாரம் போராடி, மூன்றைச் சேர்க்க வைத்தாள். ஒமுர்பெக்கின் ஆட்கள் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்கப் பழகினார்கள். முதல் மாதம் பாதிப் படங்களில் அவர்களே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், மரத்தைக் காணோம். அக்டோபர் முடிவதற்குள் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று மரங்கள் பதிவாகிவிட்டன. மேயர் பிஷ்கெக்கில் ஒரு மேடையில் அதைப் பத்தொன்பதாயிரம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இந்த இலையுதிர் காலத்தில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அவர்களும் மென்பொருள் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். நிபுணர் ஒருவரை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். புருல்ச்சா யோசிக்காமல் சைராகுல் எஜேவின் பெயரை எழுதினாள். நான்தான் லாரியில் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மண்டபத்தில் திரை கட்டி, முன்வரிசையில் ‘நிபுணர்’ என்று அட்டை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். எஜே அட்டையை எடுத்துப் பார்த்தார், கைப்பையில் போட்டுக்கொண்டார், விற்பனைக்காரர்களைப் பார்த்து எழுந்து நின்றார்.

“எல்லாரும் கிளம்புங்க, தெருவுக்குப் போகலாம். சரியான செருப்பு போட்டு வந்தவங்க யாரு?”